கட்டைத் துவக்கும் தட்டை நிலமும்

மூன்று துவக்குகளை ஒரு பாயில் கிடத்தி, இவற்றில் எதன் குண்டு அதிகத் தூரம் போகும் என்று கேட்டால், துவக்குப் பழக்கம் இல்லாதவர்கள் பெரும்பாலும் பிழையாகவே பதில் சொல்வார்கள். முதலாவது, வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் ‘இடியன்’ என்று சொல்லப்படும் உள்ளூர்த் துவக்கு. குழல்வாய் வழியே மருந்தைப் போட்டு இடித்து நிரப்புவதால் அந்தப் பெயர். நிமிர்த்தி வைத்தால் நெஞ்சுக்கு வரும். இரண்டாவது, பயிர்க் காவலுக்கென்று உரிமத்தோடு வைத்திருக்கும் 12 போர் வேட்டைத் துவக்கு. அதன் குழல் துளை 18 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், பெருவிரல் நுழையும். மூன்றாவது, ஒஸ்திரியாவின் ஸ்ரெயர் நகரத்துத் தொழிற்சாலையில் 1903இல் வெளிவந்த மான்லிக்கர் - ஷோனவர் என்னும் வேட்டை றைபிள். அதன் குழல் 45 சென்ரிமீற்றர்தான், எடை மூன்று கிலோகிராம் அளவு, துளை ஆறரை மில்லிமீற்றர், பென்சில்கூட நுழையாது. பார்வைக்கு அதுதான் மூன்றிலும் அடக்கமானது. ஆனால் 12 போரின் பறவைச் சன்னங்கள் கால் கிலோமீற்றரோடு ஓய்ந்துவிட, இந்தச் சின்னத் துவக்கின் குண்டு மூன்று கிலோமீற்றர் அளவுக்குப் போகிறது. உருவத்துக்கும் எட்டத்துக்கும் ஏன் இப்படித் தொடர்பே இல்லாமற் போகிறது என்பதுதான் இங்கே கேள்வி. மன்னார்த் தீவையும் அதன் எதிர்க்கரையையும் போன்ற தட்டை நிலத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட.

புதிர் இன்னும் ஒரு படி ஆழமானது. ‘அந்த றைபிளுக்குள் மருந்தின் பலம் கூட, அதனால் தூரம் கூட’ என்று சொல்லித் தப்பிவிட முடியாது. மான்லிக்கரின் சன்னம் 10.4 கிராம் திணிவுடையது. குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு 670 மீற்றர் அளவில் போகும். அதன் இயக்கச் சக்தி ஏறக்குறைய 2,300 யூல். சாதாரண 12 போர் தோட்டா 32 கிராம் ஈயச் சன்னங்களைச் செக்கனுக்கு 380 மீற்றர் அளவில் எறிகிறது. கணக்குப் பார்த்தால் அதுவும் ஏறக்குறைய 2,300 யூல். குழல்வாயில் இரண்டும் ஒரே அளவு சக்தியைத்தான் வைத்திருக்கின்றன. தோளில் விழும் உதையோ வேட்டைத் துவக்கில்தான் பெரிது; திணிவையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம் அதில்தான் கூட. ஒரே தொகைப் பணத்தோடு கடைத்தெருவுக்குப் போகும் இருவரில் ஒருவர் வாசலிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட, மற்றவர் ஊர் எல்லைவரை சில்லறை மிச்சம் வைத்திருப்பது போன்றது இது. செலவு எங்கே நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

செலவு காற்றில் நடக்கிறது. காற்றை நாம் வெறுமை என்று நினைத்துப் பழகிவிட்டோம். காற்றே இல்லாவிட்டால், செக்கனுக்கு 670 மீற்றரில் 45 பாகை சாய்வில் மேல்நோக்கி எறியப்படும் எதுவும், இறகோ ஈயமோ, 45 கிலோமீற்றருக்கு அப்பால்தான் விழும். தலைமன்னார்க் கரையில் நின்று சுட்டால் சன்னம் தனுஷ்கோடியைத் தாண்டி இராமேஸ்வரத் தீவுக்குள் போய் விழவேண்டும். உண்மையில் அது பாக்கு நீரிணையின் வாசலிலேயே, மூன்று கிலோமீற்றர் அளவில், கடலுக்குள் போய்விடுகிறது. 12 போரின் பறவைச் சன்னம் காற்றில்லா உலகில் 14 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டியது. 250 மீற்றரில் விழுகிறது. றைபிளின் தூரத்தைக் காற்று பதினைந்தில் ஒன்றாக வெட்டுகிறது. பறவைச் சன்னத்தின் தூரத்தை ஐம்பது அறுபதில் ஒன்றாக நறுக்குகிறது.

காற்று இவ்வளவு கொடியது என்பதை மனிதர் கண்டுபிடித்த கதைக்கு ஒரு தமிழ்க்கரைத் தொடர்பும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதி வரை, பீரங்கிக் குண்டின் பாதையைக் கலிலியோ காட்டிய பரவளைவாகவே கணக்கிட்டு, காற்றின் தடையைச் சில்லறையென்று ஒதுக்கிவந்தார்கள். காரணம் எளியது: கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகும் குண்டின் வேகத்தை அளக்க வழியில்லை. 1742இல் பெஞ்சமின் ரொபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணிதர் ஒரு வழி சொன்னார். கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு அதில் சுடு. குண்டு கட்டைக்குள் புதைந்ததும் இரண்டும் சேர்ந்து பின்னால் ஆடும். குண்டின் உந்தம் முழுவதும் கட்டைக்கு வந்துவிடுவதால், கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து குண்டு வந்த வேகத்தைத் திருப்பிக் கணக்கிடலாம். கையால் அளக்கக்கூடிய மெதுவான ஆட்டம், கண்ணால் பார்க்கமுடியாத வேகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு அதே துவக்கை வேறுவேறு தூரங்களில் வைத்துச் சுட்டபோது, இடையில் காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றது என்பதும் தெரிந்தது. 17 மைல் போகவேண்டிய கைத்துவக்குக் குண்டு அரை மைலுக்குள் விழுகிறது என்று ரொபின்ஸ் எழுதினார். பிற்பாடு அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக வந்து, 1751இல் கடலூரின் சென் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். எறிபொருளியல் என்று இன்று நாம் அழைக்கும் துறையைத் தொடக்கிவைத்தவரின் கடைசி நாட்கள் சோழமண்டலக் கரையில் கழிந்தன என்பது நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாவது பெறவேண்டிய செய்தி.

காற்று ஏன் ஒன்றைக் கூடவும் மற்றதைக் குறையவும் தண்டிக்கிறது? மீன் குத்தும் மண்டாவை நினைத்துக்கொள்ளலாம். அதே எடையுள்ள இரும்பை உருண்டையாக்கி நீரில் எறிந்தால் அரைப் பாகம் தாழ்வதற்குள் வேகம் அடங்கிவிடும். மண்டா நேராக இறங்கும். நீருக்குக் காட்டும் முகம் சின்னது, அந்த முகத்துக்குப் பின்னால் வரும் திணிவு பெரிது. சன்னத்திலும் இதே விகிதத்தைத்தான் பார்க்கவேண்டும். முகத்தின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குப் பின்னால் எத்தனை கிராம் நிற்கிறது? இதை ‘முகச்சுமை’ என்று வைத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீற்றர் அளவுள்ள பறவைச் சன்னத்தின் முகச்சுமை இரண்டு கிராமுக்குச் சற்று மேல். மான்லிக்கரின் நீண்ட, உருண்டை மூக்குச் சன்னத்தின் முகச்சுமை 29 கிராம். கடந்த காலத்துப் பெருந்துவக்கு ஒன்றோடும் ஒப்பிடலாம். 1840களிலும் 1850களிலும் இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் தனக்கெனச் செய்வித்த ஒற்றைக்குழல் றைபிள் 21 இறாத்தல் எடை. அது எறிந்த உருண்டைக் குண்டு மூன்று அவுன்ஸ், அதாவது 85 கிராம். அவ்வளவு பெரிய குண்டின் முகச்சுமையும் 18 கிராம் அளவுதான். எட்டில் ஒரு பங்கு எடையுள்ள ஒல்லிச் சன்னம் அதை வென்றுவிடுகிறது. ஒன்பதரைக் கிலோ துவக்கை ஆள் வைத்துச் சுமக்கவேண்டியிருந்த வேலைக்கு, அரை நூற்றாண்டு கழித்து மூன்று கிலோ துவக்கு போதுமானதாயிற்று. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்னும் வேட்டைக்காரர் இத்தகைய ஒல்லிச் சன்ன றைபிள்களையே பெரும்பாலும் பயன்படுத்தினார். அந்த எண்ணிக்கை மனத்தைக் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் சன்னத்தின் அகலமல்ல, அதன் நீளமே ஊடுருவலைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது.

நீளமான சன்னத்துக்கு ஒரு குறை உண்டு. காற்றில் அது நேராக நிற்காது. குறுக்கே திரும்பிக் குட்டிக்கரணம் அடிக்கப் பார்க்கும். நிற்காத பம்பரத்தை நிற்கவைக்க நாம் என்ன செய்கிறோமோ, அதையே குழலும் செய்கிறது: சுழற்றுகிறது. குழலின் உட்சுவரில் திருகாணியின் புரிபோலச் சுற்றிச் செல்லும் ஆழமற்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கும். சன்னம் அந்தப் புரிகளைக் கவ்விக்கொண்டு திருகியபடி வெளியே வரும். ‘றைபிள்’ என்ற சொல்லே இந்தப் புரிகளைக் குறிப்பதுதான். தமிழில் ‘புரித்துவக்கு’ என்றால் பொருள் சரியாகவே வரும். மான்லிக்கரின் புரி 20 சென்ரிமீற்றருக்கு ஒரு முழுச் சுற்று. செக்கனுக்கு 670 மீற்றர் போகும் சன்னம் என்றால் செக்கனுக்கு 3,300 சுற்றுக்கும் மேல். கையால் விடும் எந்தப் பம்பரமும் இதன் பக்கத்தில் வராது. இடியனிலும் வேட்டைத் துவக்கிலும் உட்சுவர் வழுவழுப்பானது, புரி கிடையாது. அதனால் அவை உருண்டைகளைத்தான் எறியமுடியும். உருண்டைக்கு முகச்சுமை குறைவு. காற்று அதைச் சீக்கிரமே நிறுத்திவிடும்.

இனித் தோட்டாவுக்கு வருவோம். உண்மையில் வேலை நடப்பது அங்கேதான். பித்தளைக் கோது, அதன் அடியில் தட்டினால் பொறி பறக்கும் தீப்பொட்டு, கோதுக்குள் மருந்து, வாயில் சன்னம். இந்த நான்கும் ஒரே பொதியானதுதான் துவக்கின் வரலாற்றிலேயே பெரிய திருப்பம். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியபோது அவர்கள் கையில் இருந்தவை திரியால் பற்றவைக்கும் துவக்குகள். அதற்குப் பின் மூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் எரிந்தது அதே கரிமருந்துதான். கரி, கந்தகம், வெடியுப்பு சேர்ந்த அந்தக் கலவை எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் சாம்பலுமாகவே மிஞ்சும். தள்ளும் வாயு குறைவு. 1884இல் போல் வியேய் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர், நைத்திரிக்கமிலம் ஊட்டிய செலுலோசை இறுகிய செதில்களாக்கிப் புகையற்ற மருந்தை உருவாக்கினார். அது ஏறக்குறைய முழுவதும் வாயுவாகவே மாறும். அதனால் கொஞ்ச மருந்து, சின்னக் கோது, ஒல்லிக் குழல் எல்லாம் சாத்தியமாயின. அடக்கமான துவக்கு பிறந்தது இரும்பு வேலைக்காரனின் பட்டறையில் மட்டுமல்ல, இரசாயன ஆய்வுகூடத்திலும்தான்.

அந்த வாயுவைக் கட்டிப்போடுவது எப்படி? வேட்டைத் துவக்கின் மருந்தறைக்குள் 700 வளிமண்டல அமுக்கம் அளவுக்கு எழும் என்றால், மான்லிக்கருக்குள் 3,500 அளவுக்கு எழும். அடைப்பு எங்காவது கசிந்தால் சுடுகிறவரின் முகம்தான் எதிரே இருக்கிறது. பித்தளைக் கோதின் மெல்லிய சுவர் அந்த அமுக்கத்தில் உப்பி மருந்தறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் வரும் வழியை அடைத்துவிடுகிறது. சன்னம் வெளியேறி அமுக்கம் இறங்கியதும் மீள்தன்மையால் சற்றுச் சுருங்கி, இழுத்தால் வரும் நிலைக்குத் திரும்புகிறது. ஒரே தகடு ஒரு கணம் மூடியாகவும் அடுத்த கணம் கழன்றுவிடும் உறையாகவும் இருக்கிறது. ஆனால் கோதின் அடிப்பக்கத்தைத் தாங்க யாராவது வேண்டும். அந்தப் பின்தள்ளல் மூன்று தொன் அளவுக்குப் போகும். அங்கேதான் தாழ்ப்பாள் வருகிறது. வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளி, பிடியைக் கீழே மடக்குகிறோமே, அதே அசைவு. உருளைக் கம்பியின் தலையிலுள்ள இரண்டு காதுகள், திருப்பியவுடன் குழலின் பின்புறத்துப் பள்ளங்களுக்குள் மாட்டிக்கொள்கின்றன. வில்லோ கொக்கியோ அல்ல, உருக்கை உருக்கே தாங்குகிறது. அசையும் பாகங்கள் குறைவு என்பதால் இந்தத் ‘தாழ்ப்பாள் துவக்கு’ எடையிலும் நீளத்திலும் சிக்கனமானது. இடியனில் இந்த அடைப்பு எதுவும் இல்லை. பற்றவைக்கும் துளை வழியே வாயு பீறிடும். தண்ணீர்க் குழாய்க்கென வார்த்த இரும்பு குழலாகியிருந்தால் அது பிளக்கவும் கூடும். இடியனால் கையும் கண்ணும் இழந்தவர்கள் இருப்பது துரதிர்ஷ்டத்தால் அல்ல; அமுக்கத்தை அடைக்க அதில் ஒன்றுமில்லை என்பதால்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும்: குழல் கட்டையானால் வேகம் குறையாதா, அப்படியென்றால் கட்டைத் துவக்கு ஆபத்துக் குறைந்ததுதானே? வேகம் குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு அல்ல. மணலில் கிடக்கும் வள்ளத்தைக் கடலில் தள்ளும்போது முதல் உந்தலில்தான் உயிரைக் கொடுக்கவேண்டும். வள்ளம் நகர்ந்துவிட்ட பிறகு கை அதைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் கூடுதலாகச் சேர்க்கும் வேகம் சிறிதே. குழலுக்குள்ளும் அமுக்கம் முதல் சில சென்ரிமீற்றரிலேயே உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடுகிறது. 60 சென்ரிமீற்றர்க் குழலை 45 ஆகக் குறைத்தால் இழப்பது செக்கனுக்கு 40 மீற்றர் அளவு; நூற்றுக்கு ஆறு. மீதி வாயு குழல்வாயில் பெருஞ்சத்தமாகவும் தீப்பிழம்பாகவும் வீணாகும். சுடுகிறவரின் காதுக்கு அது தண்டனை. எதிரில் இருப்பவருக்கு அதனால் பாதுகாப்பு எதுவும் இல்லை. கட்டைக் குழலின் பயன் முழுவதும் சுமக்கிறவருக்கே. இந்த றைபிள் அல்ப்ஸ் மலையின் செங்குத்துகளில் ஏறும் வேட்டைக்காரருக்காகவே அந்த வடிவம் பெற்றது. அங்கே குறி தவறிய சன்னம் எதிர்ச்சரிவின் பாறையிலோ மண்ணிலோ முடிந்துவிடும். புலி வேட்டைக்காரர் ஜிம் கோர்பெற்றின் பேர்போன .275 அங்குல றைபிளும் இமயத்தின் குமாவுன் மலைச்சரிவுகளில் சுடப்பட்டதுதான். மலை வேட்டைக்காரருக்குப் பின்சுவரை நிலமே கட்டிக்கொடுக்கிறது.

மன்னாரில் அந்தச் சுவர் இல்லை. தீவின் பரப்பு 130 சதுர கிலோமீற்றர் அளவு. நீளம் 30 கிலோமீற்றருக்குக் கிட்ட. சராசரி அகலம் நான்கைந்து கிலோமீற்றர்தான் என்று பிரித்துப் பார்த்தால் தெரியும். தீவின் நடுவில் நின்று எந்தத் திசையில் அண்ணாந்து சுட்டாலும் மூன்று கிலோமீற்றர் போகும் சன்னம் பெரும்பாலும் கரையைத் தொடும், அல்லது குடியிருப்பைத் தொடும். எதிர்க்கரையும் இப்படித்தான். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை எல்லாம் உடைமரமும் பனையும் தரவையுமான சமவெளி. முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்தின் கீழே வயல்கள் பார்வை எட்டும்வரை ஒரே மட்டம். மூன்று கிலோமீற்றர் என்பது எப்படித் தெரியும் என்றால், அதை அளந்தவர்களும் கடற்கரைக்குத்தான் போனார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் அட்டவணைகள் அவர்களது .30 அங்குலச் சன்னம் 4,700 கஜம் போகும் என்று சொல்லின. போர்க்களத்தில் சன்னங்கள் அதற்கு முன்பே விழுந்தன. போர் முடிந்ததும் புளோரிடாவின் டேற்றோனாக் கரையில் நீரின் மேல் சுட்டு, எங்கே தெறிக்கிறது என்று பார்த்தார்கள்; கிடைத்தது 3,400 கஜம், மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். சன்னத்தின் பின்புறத்தைப் படகின் பின்னணியம்போல ஒடுக்கிச் செய்தபோது அது ஐந்து கிலோமீற்றராயிற்று. உருண்டைச் சன்னங்களுக்கு ஜூர்னே என்னும் பிரெஞ்சு அதிகாரி கண்ட எளிய விதி இன்றும் பயன்படுகிறது: விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 80 மீற்றர். பறவைச் சன்னம் மூன்று மில்லிமீற்றர் என்றால் 250 மீற்றர் அளவு. பன்றிக்கென்று போடும் எஸ்.ஜி. சன்னம் எட்டு மில்லிமீற்றருக்கு மேல். அது 650 மீற்றரைத் தாண்டலாம். வேட்டைத் துவக்குத்தானே என்று அதையும் அலட்சியப்படுத்த முடியாது.

‘அவ்வளவு தூரம் போன சன்னம் களைத்துப்போயிருக்கும், என்ன செய்துவிடும்?’ என்பது அடுத்த மறுப்பு. இதையும் அளந்திருக்கிறார்கள். அதே புளோரிடாவில், ஆழமற்ற நீரின் நடுவே மேடை அமைத்து நேர் மேலே சுட்டார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட வெடிகளில் மேடையில் வந்து விழுந்தவை நான்கே. மேலே வீசும் காற்று மற்றவற்றைச் சுற்றுவட்டாரமெங்கும் சிதறடித்துவிட்டது. விழுந்தவை செக்கனுக்கு 90 மீற்றர் அளவு வேகத்தில் வந்திருந்தன. ஜூலியன் ஹட்சர் என்ற படை அதிகாரி இவற்றைப் பின்னாளில் விரிவாக எழுதிவைத்தார். அந்த 90 மீற்றர் மான்லிக்கர் வேகத்தின் ஏழில் ஒன்றுதான். ஆனாலும் வேகமாகப் போகும் புகைவண்டியை மூன்று மடங்கு மிஞ்சும். பத்துக் கிராம் உலோகம் அந்த வேகத்தில் தலையில் விழுந்தால் மண்டையோடு தாங்குமென்று நம்ப இடமில்லை. சாய்வாகப் போன சன்னம் இதைவிடக் கூடிய வேகத்தோடு வரும்.

ஆனால் யாரும் வானத்தை நோக்கி றைபிளால் சுடுவதில்லையே, பன்றியையோ மரையையோ நேர்மட்டத்தில்தானே சுடுகிறார்கள்? இந்தக் கேள்விதான் தட்டை நிலத்தின் விசேடமான ஆபத்தைத் திறந்துகாட்டுகிறது. தோள் உயரம் ஒன்றரை மீற்றர் என்று வைத்தால், மட்டமாகப் பிடித்த குழலிலிருந்து புறப்பட்ட சன்னம் நிலத்தை அடைய அரைச் செக்கனுக்குச் சற்று மேல் எடுக்கும். கையிலிருந்து நழுவவிட்ட சன்னம் விழும் அதே நேரம்தான்; ஈர்ப்புக்கு வேகம் பொருட்டல்ல. அந்த அரைச் செக்கனில் றைபிள் சன்னம் 330 மீற்றர் போயிருக்கும். அது நிலத்தைத் தொடும் சாய்வு ஒரு பாகைகூட இல்லை. அவ்வளவு படுகிடையாக வரும் எதுவும் நிலத்தில் புதையாது, தத்தும். சிறுவர்கள் தட்டைக் கல்லைக் களப்பின் மேல் தத்தவிடுவது இதே இயற்பியல். பழைய கடற்படைப் பீரங்கிக்காரர்கள் குண்டுகளை வேண்டுமென்றே அலைமேல் தத்தவிட்டுத் தாக்கியிருக்கிறார்கள். கணக்கும் சோதனையும் ஒத்துச் சொல்வது, ஈய உருண்டை நீரைத் தொடும் சாய்வு ஐந்து பாகைக்கும் சற்று மேலான ஓர் எல்லைக்குள் இருந்தால் அது மேலெழுந்துவிடும் என்பது. காய்ந்து இறுகிய சேற்றுத் தரையும் உப்புப் படிந்த தரவையும் நீரைவிட மோசம். தத்திய சன்னம் சுழற்சி குலைந்து குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போவதால் முழு மூன்று கிலோமீற்றர் போகாது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு கிலோமீற்றரைத் தாண்டுவதும் அதற்கு எளிது. மான்லிக்கரை அல்ப்ஸில் ஒழுங்காக வைத்திருந்த மலை, மன்னாரில் இல்லாததால் ஏற்படும் வேறுபாடு இதுதான்.

தரவையில் ஆளில்லையே என்பவர்கள் அங்கே வேலை செய்பவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், கண்டல் வேருக்குள் நண்டு தேடுபவர், களப்பில் இடுப்பளவு நீரில் வலை இழுப்பவர், உப்பளத்தில் குனிந்து நிற்பவர். இவர்கள் யாரும் 300 மீற்றருக்கு அப்பாலிருந்து, அதுவும் இருள் பிரியாத நேரத்தில், கண்ணுக்குப் படமாட்டார்கள். அவர்களோடு பறவைகளும் உண்டு. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலை, 4,800 எக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் பூநாரைகளுக்கும் வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளுக்கும் கரையோரப் பறவைகளுக்கும் இடம் தருகிறது. சின்னச் சன்னத்தின் குறுகிய எட்டம் மனிதருக்குப் பாதுகாப்பு; பறவைக்கு அதுவே வேறுவகைக் கேடு. சேற்றில் சிதறிய ஈய மணிகளை வாத்துகள் அரைப்புக்கல் என்று எண்ணி விழுங்குகின்றன. அரைப்பையின் அமிலத்தில் கரைந்த ஈயம் நரம்பைத் தாக்க, பறவை மெலிந்து, பறக்கமாட்டாமல் சாகிறது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை 1991இல் நாடு முழுவதும் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களில் 2023இல் தடுத்தது. 

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனித்தான். பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்வதென்றே முடிவானால், ஒரே சன்னத்தில் உடனே வீழ்த்தும் றைபிள்தானே இரக்கமான கருவி? வாய் ஒடுக்கப்படாத 12 போர்க் குழல் 40 மீற்றரில் தன் சன்னங்களை ஒன்றரை மீற்றருக்குக் கிட்டத்தட்ட அகலமான வட்டத்தில் தெளித்துவிடுகிறது. ஒன்பது எஸ்.ஜி. சன்னங்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் வயிற்றில் பட்ட பன்றி, நாட்கணக்கில் காட்டுக்குள் கிடந்து அழுகிச் சாகும். இந்த வாதத்தை நான் முழுவதுமாக ஏற்கிறேன். காயப்பட்டு ஓடும் மிருகத்தைப்பற்றிக் கவலைப்படாத எந்தப் பயிர்க் காவலும் நியாயமானதல்ல. ஆனால் அதற்கு விடை எட்டத்தைக் கூட்டுவதில் இல்லை, தூரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. 20, 25 மீற்றருக்குள் அதே சன்னக் கூட்டம் பரவுவது குறைவு; பன்றியின் உடம்பில் கூடுதலான சன்னங்கள் படும். 25 மீற்றரில் செய்யவேண்டிய வேலைக்கு மூன்று கிலோமீற்றர் போகும் தோட்டா எதற்கு? 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று விவசாயி கையில் இருப்பது பெரும்பாலும் வேட்டைத் துவக்குத்தான், றைபிள் அல்ல என்பதற்கு, நிர்வாகக் காரணம் எதுவாயிருந்தாலும், இயற்பியலின் ஆதரவு உண்டு.

தூரத்தைக் குறைக்கவும் இல்லாத மலையை உண்டாக்கவும் நம் வயற்காரரிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அது பரண். மரக்கிளையிலோ நட்ட கால்களிலோ நான்கு மீற்றர் உயரத்தில் தட்டுப் போட்டு உட்கார்ந்தால், குழல் நிலத்திலிருந்து ஐந்து மீற்றர் உயரத்தில் இருக்கும். 25 மீற்றரில் நிற்கும் பன்றியை நோக்கிய சாய்வு 11 பாகை. தவறிய சன்னம் ஈர வயலுக்குள் புதையும். தத்தும் எல்லையைவிட அது இரண்டு மடங்கு செங்குத்து. பன்றி 50 மீற்றருக்கு அப்பால் போனால் சாய்வு மீண்டும் அந்த எல்லைக்குள் விழுந்துவிடும், அப்போது சுடக்கூடாது. பரணைக் கட்டியவர்கள் யானைக்குப் பயந்தும் பார்வைக்காகவும் கட்டினார்கள். ஆனால் அந்த நான்கு மீற்றர் உயரம், குறிக்குப் பின்னால் வாழ்பவர்களுக்கு முழு நிலத்தையும் பின்சுவராக்கிக் கொடுக்கிறது.

இதற்கு நேர் எதிரானது கட்டுத்துவக்கு. காவலுக்கு ஆள் விழித்திருக்க முடியாத இடங்களில், பன்றி வரும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் யாருமில்லாமல், இடறினால் தானே வெடிக்கும்படி கட்டிவைத்துவிட்டுப் போகும் துவக்கு அது. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது, ஆனாலும் ஒழியவில்லை. அதன் குழல் தோள் உயரத்தில்கூட இல்லை, பன்றியின் தோள் உயரத்தில் இருக்கிறது. சாய்வு என்று எதுவும் கிடையாது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண்ணும் இல்லை. யானைக்கு அது காலில் படுகிறது. சீழ் வைத்து, நொண்டி நொண்டி மாதக்கணக்கில் நடந்து, நீரருகே விழுகிறது. விடியற்காலையில் அதே ஒற்றையடிப் பாதையில் விறகுக்குப் போகிறவரின் முழங்காலும் பன்றியின் தோளும் நிலத்திலிருந்து ஒரே உயரம்.